காருப் குதிரைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

நமீபியாவின் பாலைவனக் குதிரைகளைப் பற்றிய புகைப்படத் தொகுப்புகளைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு, அவற்றில் பெரும்பாலும் இடம்பெறாத பொருள் ஒன்று இருப்பது சற்றுத் தாமதமாகவேனும் புலப்பட்டுவிடும். பிடரி மயிர் பறக்கப் பாய்ந்து வரும் பொலிகுதிரை இருக்கும். மாலை வெயிலில் பொன்னாக மின்னும் புழுதி இருக்கும். தொலைவில் நீல மலைகள் இருக்கும். குதிரைகள் வந்து நீர் அருந்தும் தொட்டி மட்டும் இருக்காது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை அத்தொட்டியின் அருகிலிருந்து எடுக்கப்பட்டவைதான் என்பது அங்கே ஒரு பகல் பொழுதைக் கழித்த எவருக்கும் தெரியும். கேமராவை இடப்புறம் சிறிது திருப்பினால் தொட்டி வந்துவிடும். ஆகவே வலப்புறம் திருப்பிக்கொள்கிறோம். இந்தத் திருப்பலைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தொட்டியை விலக்கிவிட்டால் படம் அழகாகலாம். ஆனால் அந்தக் குதிரைகளின் கதையில் பாதி அதோடு போய்விடுகிறது என்பது என் கருத்து.

காருப் என்பது ஊர் அன்று. நமீபியாவின் தென்மேற்கு மூலையில், ஆவுஸ் என்ற சிற்றூரிலிருந்து லூடரிட்ஸ் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் பி4 நெடுஞ்சாலையில், ஆவுஸுக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. சென்றால் வடக்குப் பக்கமாக ஒரு மண்பாதை பிரியும். அதில் சிறிது தூரம் போனால் கூரையிட்ட ஒரு பார்வையிடமும், அதன் முன்னே நீர்த்தொட்டியும், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை வெளிறிய சமவெளியும் இருக்கும். சமவெளி என்று சொன்னாலும் முற்றிலும் தட்டையான நிலம் இல்லை. ஆங்காங்கே பாறைக் குன்றுகள் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. ஆண்டுக்கு 100 மி.மீ. மழைகூடப் பெய்யாத நிலம் இது. பெய்த ஆண்டில் இடுப்பளவு புல் வெள்ளி நிறத்தில் அலையடிக்கும். பெய்யாத ஆண்டில் சரளையும் மணலும் காய்ந்த புல்லின் அடிக்கட்டைகளும்தான். எந்த ஆண்டில் போகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே இடத்தில் இரு வேறு நாடுகளைப் படமெடுத்தது போன்ற படங்கள் கிடைக்கும்.

குதிரைகள் இங்கே எப்படி வந்தன என்பதற்கு ஒரே விடை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்கா. ஆவுஸுக்கு அருகிலுள்ள குபூப் என்னும் இடத்தில், லூடரிட்ஸ் நகர மேயராக இருந்த எமில் க்ரெப்ளின் என்பவர் சுரங்கங்களுக்கும் பந்தயங்களுக்குமாகக் குதிரைப் பண்ணை நடத்தினார். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆவுஸைப் பிடிக்க வந்த தென்னாப்பிரிக்கப் படை காருப்பில் முகாமிட்டது. ஆயிரக்கணக்கான குதிரைகள் அந்தப் படையுடன் வந்திருந்தன. மார்ச் 27 அன்று ஜெர்மன் விமானம் ஒன்று முகாமின் மீது குண்டு வீசியபோது மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் சிதறி ஓடின. சில நாட்களில் ஜெர்மானியர்கள் ஆவுஸை விட்டுப் பின்வாங்க, தென்னாப்பிரிக்கப் படை அவர்களைத் துரத்திக்கொண்டு முன்னேறியது. தப்பியோடிய குதிரைகளைத் தேடிப் பிடிக்க எவருக்கும் நேரம் இருந்திருக்காது. இவ்விரு வழிகளிலும் வந்த குதிரைகள் கலந்தே இந்த மந்தை உருவாயிற்று என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இங்கிருந்து வடக்கே வெகு தொலைவில் துவிசிப் கோட்டையைக் கட்டிய ஹான்ஸ்ஹைன்ரிக் ஃபொன் வோல்ஃப் என்ற ஜெர்மன் பிரபு, போரில் மாண்டுபோன பிறகு அவருடைய குதிரைகள்தான் தப்பி இங்கே வந்தன என்ற கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் சுவைபடச் சொல்வார்கள். அத்தனை தொலைவை அவை கடந்து வந்திருக்குமா என்ற கேள்விதான் அந்தக் கதைக்கு இடையூறு.

வந்த குதிரைகள் அழிந்துபோகாமல் நிலைத்ததற்கு வைரம் ஒரு காரணம் என்று சொன்னால் நம்பச் சற்றுக் கடினமாக இருக்கும். 1908இல் லூடரிட்ஸுக்கு அருகே ரயில் பாதையில் மணலை அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி வைரக்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில், கரையிலிருந்து உள்நோக்கி ஏறத்தாழ 100 கி.மீ. அகலத்துக்கு நிலம் முழுவதும் யாரும் நுழையக் கூடாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. வேட்டைக்காரர் வரவில்லை, குதிரை பிடிப்பவர் வரவில்லை, ஆடு மாடு மேய்ப்பவரும் வரவில்லை. வைரத்துக்காகப் போட்ட வேலி, யாரும் கருதாமலே, குதிரைகளுக்கும் வேலியாயிற்று. பல பத்தாண்டுகள் வெளிக்கலப்பே இல்லாமல் தமக்குள்ளேயே இனம் பெருக்கியதால், இவற்றின் மரபணு வேறுபாடு மிகவும் குறைந்துபோயிருப்பதாக 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. கேமராவின் கண்ணுக்கும் அது ஓரளவு தெரிகிறது: பெரும்பாலானவை செம்பழுப்பு உடலும் கரிய பிடரியும் வாலும் கொண்டவை, இடையிடையே ஒரு செவலை. நூறு குதிரைகளைப் பார்த்தாலும் முகத்திலுள்ள வெள்ளைச் சுட்டியையும் கழுத்திலுள்ள கடித் தழும்பையும் வைத்துத்தான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

வேலி மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். காருப்பில் ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது குதிரைகளுக்காக அன்று, லூடரிட்ஸிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற ரயில்களின் நீராவி இன்ஜின்களுக்காக. இன்ஜின்களுக்கு இறைத்த நீரில் குதிரைகளும் பங்கு பெற்றன. நீராவி இன்ஜின்களின் காலம் முடிந்து, அந்தக் கிணற்று நீர் யாருக்கும் தேவைப்படாமல் போனபோது குதிரைகள் தாகத்தில் மடியத் தொடங்கின. வைர நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கோட்சர் என்பவர் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லி மீண்டும் நீர் கிடைக்க வழி செய்தார். இன்று நாம் பார்க்கும் தொட்டி அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. மனிதர் எவரும் கட்டிப்போடாத, சேணம் பூட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத இந்தக் குதிரைகள், மனிதர் இறைத்து ஊற்றும் நீரை அருந்தித்தான் உயிரோடிருக்கின்றன. 'கட்டற்ற காட்டுக் குதிரை' என்று தலைப்பிடுகிறவர்கள் தொட்டியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவதன் காரணம் இப்போது விளங்கும்.

என்னைக் கேட்டால், காருப்பில் படமெடுக்கத் தக்கவற்றுள் முதலிடம் அந்தத் தொட்டியடிக்குத்தான். சமவெளியின் விளிம்பில் முதலில் கரும்புள்ளிகள் தெரியும். கானலில் அவை நீண்டு, குறுகி, காலில்லாமல் மிதந்து, வெகுநேரம் கழித்தே குதிரைகளாகும். குடும்பம் குடும்பமாக, ஒன்றன்பின் ஒன்றாக, பல தலைமுறைகளின் குளம்புகள் பதித்த ஒற்றையடித் தடத்தில் வருகின்றன. தொட்டியில் ஏற்கெனவே வேறொரு குடும்பம் நின்றால், வந்தவை சற்றுத் தள்ளி நின்றுவிடும். இரு குடும்பங்களின் பொலிகுதிரைகள் மட்டும் முன்னே வந்து, கழுத்தை வளைத்து, மூக்கோடு மூக்கு உரசி, ஒரு கிறீச்சொலி எழுப்பி, முன்னங்காலால் தரையை ஓங்கி அறைந்து, பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பழைய லத்திக் குவியலின் மீது தாமும் இட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுப் பிரிகின்றன. பெரும்பாலான 'சண்டைகள்' இவ்வளவில் முடிகின்றன. வயதான பெட்டைக் குதிரை ஒன்று உதடுகளை நீரின் மேற்பரப்பில் பொருத்தி, காதுகளை ஒவ்வொரு மிடறுக்கும் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டு, தலை தூக்காமல் குடித்ததை 400 மி.மீ. லென்ஸில் பார்த்தேன். இமை மயிரில் மணல் ஒட்டியிருந்தது; மூக்குத் துளையைச் சுற்றி ஈரத்தில் குழைந்த புழுதி ஒரு வளையமாகக் காய்ந்திருந்தது; தாடை எலும்பின் அடியில் மிடறு இறங்குவது உருண்டையாகத் தெரிந்தது. அந்தப் படத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் தொட்டியின் விளிம்புதான். அதை வெட்டியெடுத்துவிட்டால் குதிரை எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பதே விளங்காது.

காருப்பின் குதிரைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உயிரியலாளர் டெலானே க்ரெய்லிங்கின் கணக்குப்படி, கோடையில் ஏறத்தாழ 30 மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளிர்காலத்தில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீர் அருந்தினால் இவற்றுக்குப் போதும். தொழுவக் குதிரையை வைத்துப் பார்த்தால் இது வியப்பான தாங்குதிறன். படமெடுப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி எளியது: கோடையில் தொட்டியடியில் காத்திருந்தால் நாளுக்குப் பல குடும்பங்கள் வரும், குளிர்காலத்தில் ஒரு பகல் முழுவதும் எதுவும் வராமலும் போகலாம். புல் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கேதான் குதிரைகள் இருக்கும். வறட்சி முற்றும்போது புல்லுக்கும் நீருக்கும் இடைப்பட்ட தூரம் கூடிக்கொண்டே போகிறது. காத்திருக்கும் நேரம் வீணாவதில்லை. ஓரிக்ஸ் மான்களும் ஸ்பிரிங்பாக் மான்களும் தீக்கோழிகளும் அதே நீருக்கு வந்து போகின்றன.

ஒளியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கே தரை வானத்தைப் போலவே வெளிச்சமானது. கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் அந்த வெளிறிய மணலைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியின் அளவை, குறைத்துவிடும். குதிரையின் உடல் கருத்துப்போய்க் கண் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. குதிரைக்கு ஏற்றபடி கூட்டினால் மணல் வெளுத்து விவரமற்றுப் போகும். நான் ஒளியளவைக் கையால் அமைக்கும் மேனுவல் முறையில், மணலின் வெளிச்சப் பகுதி ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைத் தொடாமல் நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, நிழல் பகுதிகளைப் பின்னர் கேமரா பதிந்த மூலக்கோப்பான ரா கோப்பில் மீட்டெடுப்பேன். சூரியன் தாழ்ந்திருக்கும்போது மணலே கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பி வயிற்றையும் தாடையின் அடியையும் நிரப்பிவிடுகிறது. அப்போது செம்பழுப்பு நிறத்தின் உண்மையான செழுமை தெரியும். வெயில் ஏறிய பின் 600 மி.மீ. லென்ஸ் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பயனில்லை. சூடான தரைக்கு மேல் காற்று நெளிவதால் தூரத்துக் குதிரையின் விளிம்புகள் எல்லாம் உருகியவை போலத் தெரியும். இதை ஷட்டர் வேகமும் சரிசெய்யாது, மென்பொருளும் சரிசெய்யாது. தூரத்தைக் குறைப்பதொன்றே வழி, அதாவது குதிரைகளாக நெருங்கி வரும் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது. அல்லது கானலையே படமாக்கிக்கொள்வது. காலற்று மிதக்கும் குதிரை வரிசையும் இவ்விடத்தின் உண்மைதான். பிற்பகலில் கடல் பக்கமிருந்து வீசும் காற்றில் லென்ஸ் மாற்ற முயல வேண்டாம். இரண்டு கேமரா உடல்கள் இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் 100-400 போன்ற ஜூம் லென்ஸ் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதை மறந்துவிடலாம்.

பாயும் குதிரையின் படம் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் காருப் குதிரைகள் பெரும்பாலான நேரம் நடக்கின்றன அல்லது நிற்கின்றன. ஓடுவதற்குச் செலவிடும் சக்தியைத் திரும்பப் பெற எத்தனை மணி நேரம் மேய வேண்டும் என்பதை அவற்றின் உடல் அறியும். குட்டிகள் விளையாட்டாக ஓடும். குளிர்ந்த காலையில் இளம் ஆண் குதிரைகள் ஒன்றையொன்று துரத்தும். நீர் குடித்த பின் சில சமயம் ஒரு குடும்பம் முழுவதும் காரணமின்றிச் சிறிது தூரம் பாய்ந்துவிட்டு நிற்கும். இவை தாமாக நிகழ்பவை, காத்திருந்தால் கிடைக்கும். படத்துக்காக வண்டியை விட்டு விரட்டுவதையும் ட்ரோனைத் தலைக்கு மேல் இறக்குவதையும் நான் குற்றம் என்றே சொல்வேன். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதற்கும் இடமில்லை. வறட்சியான ஆண்டில், பாலூட்டும் பெட்டைக் குதிரை ஒன்றைத் தேவையின்றி ஒரு கிலோமீட்டர் ஓடவைப்பது சிறிய செயல் அன்று. இவை மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை என்பதே, இந்த அத்துமீறலைச் சிலருக்கு எளிதாக்கிவிடுகிறது. உணவு கொடுப்பதும் இதே வகைதான்: வண்டியைக் கண்டால் சாலைக்கு வரக் குதிரையைப் பழக்குகிறோம்.

வறட்சிப் படங்கள் வேறு வகைச் சிக்கல். விலா எலும்புகள் எண்ணும்படியாகவும், இடுப்பெலும்பு கூடாரக் கம்பு போலவும் துருத்தி நிற்கும் குதிரையைப் படமெடுக்கலாமா? எடுக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பின்னணியோடு. வெறும் எலும்புக்கூட்டு முகத்தை மட்டும் அண்மையில் காட்டினால் அது எந்தக் கொட்டிலின் புறக்கணிக்கப்பட்ட குதிரையாகவும் இருக்கலாம். புல்லற்ற சமவெளியும் சேர்ந்து வந்தால்தான் காரணமும் படத்துக்குள் வரும். அதே போல, குதிரை தன் லத்தியையே தின்னும் காட்சி. பார்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், பசிக் கொடுமை என்கிறார்கள். காய்ந்த புல்லைவிட லத்தியில் கொழுப்பும் புரதமும் கூடுதலாக எஞ்சியிருப்பதை க்ரெய்லிங்கின் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே அது நிலைதடுமாறிய விலங்கின் செயல் அன்று, இந்நிலத்தில் பிழைக்கத் தெரிந்த விலங்கின் செயல். நன்கு கொழுத்த குதிரையும் இதைச் செய்யக் காணலாம்.

எண்ணிக்கை இங்கே மழையைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குகிறது. 1992இல் கடும் வறட்சியின்போது 104 குதிரைகளைப் பிடித்து விற்றார்கள். அவற்றுள் பல புதிய இடங்களில் நிலைக்காமல் மடிந்தன. பிறகு நல்ல மழைக் காலம் வந்து, 2012 வாக்கில் எண்ணிக்கை 280ஐ எட்டியது. அதே ஆண்டில் இக்குதிரைகளுக்கென ஓர் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது. அடுத்து மீண்டும் வறட்சி. அத்துடன் புள்ளிக் கழுதைப்புலிகளும் வந்து சேர்ந்தன. மான்கள் குறைந்துபோன நிலத்தில் குதிரைக் குட்டிகள் அவற்றுக்கு எளிய இரையாயின. பல ஆண்டுகள் பிறந்த குட்டிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. 2019 வாக்கில் எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே போய், எஞ்சியவை கிழடுதட்டிக்கொண்டிருந்தன. இறுதியில் அரசு சில கழுதைப்புலிகளை அகற்ற முடிவெடுத்த பிறகே மீண்டும் குட்டிகள் வளரத் தொடங்கின.

இந்த முடிவைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. இந்நிலம் 1986இல் நமீப்-நவுக்லுஃப்ட் பூங்காவோடு இணைக்கப்பட்டது. பூங்கா என்றால் மண்ணின் விலங்குகளுக்கு முதலிடம் என்பது விதி. கழுதைப்புலி இம்மண்ணின் விலங்கு, குதிரை வந்தேறி. ஓரிக்ஸ் மேய வேண்டிய புல்லைக் குதிரை மேய்கிறது என்பவர்களின் வாதத்தை உணர்ச்சிவசப்பட்டு ஒதுக்கிவிட முடியாது. கோடியக்கரைச் சரணாலயத்தில் திரியும் மட்டக்குதிரைகளைப் பற்றியும், அவை வெளிமான்களின் மேய்ச்சலில் பங்கு கேட்கின்றன என்று இதே வாதம் நம்மூரில் நடப்பதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. என் நிலைப்பாடு குதிரைகளின் பக்கம்தான், அளவோடு. நூறாண்டுகளாக இந்த வறண்ட நிலத்தில் தம் நடையையும் தாகத்தையும் உணவையும் மாற்றிக்கொண்டு வாழும் ஒரு சிறு மந்தையை, ஏறத்தாழ 350 சதுர கி.மீ. பரப்புக்குள், இருக்க விடலாம். ஆனால் இதைச் சொல்லும்போது அவை இயற்கையின் தன்னிச்சையான படைப்பு என்று நடிக்கக் கூடாது. கிணறு தோண்டியவர்களும், வேலி போட்டவர்களும், வறட்சியில் வைக்கோல் கொண்டு வந்தவர்களும், கழுதைப்புலியை அகற்றியவர்களும் இம்மந்தையின் வரலாற்றில் இருக்கிறார்கள். தொட்டியை விலக்கி எடுக்கும் படம் இந்த நடிப்புக்குத்தான் துணைபோகிறது. என் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய அச்சுப்படத்தில் இரண்டு குதிரைகளும், தொட்டியும், தம் முறைக்காகப் பின்னால் நிற்கும் ஓர் ஓரிக்ஸும் இருக்கின்றன. வீட்டுக்கு வருபவர்கள் "இது பண்ணையா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க முடிகிறது.

போக விரும்புபவர்களுக்கு: ஆவுஸில் தங்கிக்கொண்டு விடியலுக்கும் மாலைக்கும் காருப்புக்குச் சென்று வருவது வசதி. ஆவுஸ் உயரமான இடத்தில் இருப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவுக் குளிர் கடுமையானது, அரிதாகப் பனியும் பொழியும். பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு போய்விட வேண்டாம். வண்டியின் ஜன்னலில் வைக்க மணல் பை ஒன்றும், லென்ஸுக்குக் காற்றூதியும், ஒரு நாளைக்குத் தேவையானதைவிடக் கூடுதலான குடிநீரும் அவசியம். பி4 சாலை நல்ல தார்ச்சாலை. நேராகவும் காலியாகவும் இருப்பதால் வேகம் தன்னை அறியாமல் ஏறும். சாலையோரம் குதிரை உருவம் பொறித்த எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பது வேடிக்கைக்கு அன்று. வாகனம் மோதி இறந்த குதிரைகள் உண்டு. செம்பழுப்பு உடல் முகப்பு விளக்கின் ஒளியில் மிக அருகே வந்த பிறகே தெரியும். ஆகவே மாலைப் படங்களை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் ஆவுஸுக்குத் திரும்பிவிடுங்கள்; இயலாமற்போனால் பாதி வேகத்தில் வாருங்கள்.